மகள் வளர வளர, தாயின் குரல் மாறுகிறது

பெண் குழந்தையைப் பாடும் பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி ஆகிய ஏழும் ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் பொது. கடைசி மூன்று மட்டும் பெண்ணுக்கே உரியவை: அம்மானை, நீராடல், ஊசல். 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் இந்த வரிசையில்தான் நடக்கிறது. மகள் ஊஞ்சலில் ஏறி உட்கார்ந்ததும் நூல் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதானே கதையே இருக்கிறது! அவள் வளர்வாள், ரகசியம் வைத்துக்கொள்வாள், சொன்ன பேச்சைக் கேட்கமாட்டாள், ஒரு நாள் வாசலைத் தாண்டிப் போய்விடுவாள்.

பிள்ளைத்தமிழ் நின்ற அந்த இடத்திலிருந்து மேலே போன பாடல்கள் தமிழில் அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே இருந்தன. சங்க அகப்பாடல் என்றதும் தலைவனும் தலைவியும்தான் பலருக்கு நினைவுக்கு வருவார்கள். ஆனால் அந்தக் காதலின் ஓரத்தில் ஒரு தாய் நின்றுகொண்டே இருக்கிறாள். சில பாடல்களில் அவள் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து, தானே பேசத் தொடங்குகிறாள். அப்போது பாட்டு காதலைப் பற்றியது என்பதைவிட, வளர்ந்துவிட்ட மகளைத் தாய் எப்படிப் புரிந்துகொள்வது என்பதைப் பற்றியதாகிவிடுகிறது.

இங்கே தாய் ஒருத்தி அல்லள், இருவர். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். மகளின் அந்தரங்கம் எல்லாம் அறிந்த தோழி, அந்தச் செவிலியின் மகள் என்று தொல்காப்பியம் சொல்கிறது. அகத்திணையில் யார் பெயரையும் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது மரபு. அதனால் இந்தத் தாய்மாருக்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது. படிப்பவர் வீட்டுத் தாயாக அவர்களை எண்ணிக்கொள்வதற்கு அதுவே வசதியாகிவிடுகிறது.

நற்றிணையின் 110-ஆம் பாட்டைப் பாருங்கள். பாடியவர் போதனார். வசதியான வீடு. தேன் கலந்த பால் பொற்கலத்தில் இருக்கிறது. ஒரு கையில் அந்தக் கிண்ணம், இன்னொரு கையில் நுனியில் பூச்சுற்றிய சிறு கோல். அடிப்பதற்கல்ல, மிரட்டுவதற்கு. ‘குடி’ என்று கோலை ஓங்கினால், காலில் முத்துப் பரல் இட்ட பொற்சிலம்பு ஒலிக்க அந்தச் சிறுமி துள்ளி ஓடுகிறாள். நரை விழுந்த செவிலியர் துரத்தித் துரத்திக் களைத்துப்போகிறார்கள். அவள் பந்தலைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கிறாள், பால் குடித்தபாடில்லை. இன்று எந்த வீட்டுக் கூடத்திலும் காலை எட்டு மணிக்கு நடக்கும் காட்சிதான்.

பாட்டின் பின்பாதியில் அதே பெண்ணுக்குத் திருமணம் ஆகிவிட்டது. கணவன் வீட்டில் வறுமை. தந்தை வீட்டுச் செழிப்பான சோற்றை அவள் நினைத்துப் பார்ப்பதுகூட இல்லை. ஒரு வேளை உண்டால் ஒரு வேளை இல்லை என்று நாளைக் கழிக்கிறாள். இந்த அறிவையும் நடத்தையையும் இவள் எங்கே கற்றாள் என்று தாய் வியக்கிறாள். பெருமை, வேதனை, கொஞ்சம் ஏமாற்றம் எல்லாம் கலந்த கேள்வி அது. தான் கற்றுக்கொடுக்காத ஒன்றை மகள் எங்கிருந்தோ கற்றுவந்திருக்கிறாள். பால் குடிக்க வைக்கவே தன்னால் முடியாத பெண், பசியைத் தாங்கக் கற்றிருக்கிறாள்.

இந்தப் பாட்டின் தொடக்கத்தில் ஏவிய தாய், முடிவில் கேட்கிற தாயாகிவிடுகிறாள். இந்த மாற்றம் ஒரு பாட்டோடு நிற்கவில்லை. தாய் பேசும் அகப்பாடல்களை வரிசையாக வாசித்தால், திரும்பத் திரும்ப இதுவே கண்ணில் படுகிறது. பருவம் மாறுவது மகளுக்கு; அதனோடு குரல் மாறுவது தாய்க்கு.

தாயின் கட்டளை உச்சத்தில் இருப்பது இற்செறிப்பில். மகளை வெளியே விடாமல் வீட்டோடு நிறுத்துவதற்கு அகமரபு வைத்த பெயர் அது. அகநானூற்றின் 7-ஆம் பாட்டில், கயமனார் படைத்த செவிலி, மகளுக்குத் தான் சொன்ன புத்திமதியை நினைவுகூர்கிறாள். உடல் வளர்ந்துவிட்டது, கூந்தல் முடிக்கும் அளவுக்கு வந்துவிட்டது, தழையுடை உடுத்தத் தொடங்கிவிட்டாய். சுற்றித் திரியும் கூட்டத்தோடு சேர்ந்து போகாதே, இந்தப் பழைய ஊரில் தாக்கி வருத்தும் தெய்வங்கள் உண்டு. நீ இனிப் பேதை அல்லை, பெதும்பை. ஒவ்வொன்றும் தாய்மார் இன்றும் வேறு வார்த்தைகளில் சொல்வதுதான். ஆனால் இந்தப் புத்திமதியைச் செவிலி யாரிடம் நினைவுகூர்கிறாள் தெரியுமா? காட்டு வழியில் எதிர்ப்பட்ட ஒரு பெண்மானிடம். மகள் காவலைத் தாண்டி ஒருவனோடு போய்விட்டாள். தேடிக்கொண்டு வந்த இடத்தில் பேசுவதற்கு வேறு துணை இல்லை.

புறப்பாட்டும் பாடியிருந்தாலும், கயமனார் பெயரில் இருக்கும் பாடல்களில் மிகுதியானவை மகளைப் போகவிட்ட தாயின் வேதனையைப் பேசுபவை. ஒரு கவிஞர் இந்த ஒரே துயரத்துக்கு இத்தனை முறை திரும்பி வந்தது ஏன் என்பது தனியாக எழுதப்படவேண்டிய விஷயம்.

வீட்டோடு நிறுத்தப்பட்ட மகள் வாடுகிறாள், மெலிகிறாள். காரணம் தெரியாமல் தாய், முருகனின் பூசாரியான வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகிறாள். முருகன்தான் மகளைப் பிடித்திருக்கிறான் என்பது அவள் நம்பிக்கை. வெறிபாடிய காமக்கண்ணியார் என்று இந்தச் சடங்கைப் பாடியதாலேயே பெயர் பெற்ற கவிஞர் ஒருவர் உண்டு. அகநானூற்றின் 22-ஆம் பாட்டில், அவ்வளவு ஆரவாரமும் முடிந்த இரவில் காதலன் காவலை மீறி வந்து சேர, மகளின் நோய் தீர்கிறது. வேலனை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வருகிறது. தாய்க்கும் மகளுக்கும் இடையே எவ்வளவு தூரம் விழுந்துவிட்டது என்பதற்கு அந்தச் சிரிப்பே சான்று. தாயோ மகளைக் காப்பாற்றத் தெய்வத்தையே வீட்டுக்கு வரவழைத்திருக்கிறாள்.

அந்தத் தூரத்தைக் கடக்கத் தோழி வேண்டியிருக்கிறது. உண்மையை உரிய நேரத்தில் எடுத்துச் சொல்வதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு, 261 அடிகளும், தோழி செவிலியிடம் சொல்லும் அந்த ஒரே பேச்சுதான். 99 பூக்களின் பட்டியலுக்காகவே அந்த நூலைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் தாயின் கோபத்துக்கும் மகளின் நாணத்துக்கும் நடுவே நின்று ஒரு பெண் எவ்வளவு பக்குவமாகப் பேசுகிறாள் என்பதற்காகவும் அதைப் படிக்கவேண்டும்.

எல்லாத் தாய்மாரும் அறியாமல் இருந்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். கபிலர் பாடிய அகநானூறு 203, இந்த வரிசையிலேயே மிக நுட்பமான பாட்டு. ஊர்ப் பெண்கள் ‘உன் மகள் இப்படி, அப்படி’ என்று பல நாள் நற்றாயிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு எல்லாம் தெரியும். இருந்தும் மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வெட்கப்படுவாளே என்று, தெரிந்ததை மறைத்துக்கொண்டு அதே வீட்டில் நடமாடியிருக்கிறாள். மகளோ, அம்மாவுக்குத் தெரிந்தால் இந்த வீட்டில் இருக்க முடியாது என்று அஞ்சி, காதலனோடு மலைவழியில் போய்விட்டாள்.

ஒரு வீட்டுக்குள் இரண்டு மௌனங்கள். இரண்டும் அடுத்தவரை எண்ணி எழுந்தவை. தாயின் மௌனம் மகளின் மானத்தைக் காக்க. மகளின் மௌனம் தாயின் சினத்துக்கு அஞ்சி. இருவரில் யார் ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் அந்தப் பெண் காட்டு வழியே போயிருக்க வேண்டாம்.

இதற்குப் பிறகு அந்தத் தாய் விரும்புவது என்ன? மகள் திரும்பி வரவேண்டும் என்றுகூட அவள் கேட்கவில்லை. நீ நினைத்த மாதிரித் தாய் நான் இல்லை என்று அவளுக்கு எப்படியாவது தெரியப்படுத்த வேண்டும். அதற்கு ஒரு வழி கண்டுபிடிக்கிறாள். மான்கள் போகும் குறுக்குப் பாதையில் அவர்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்து, மலையடிவாரத்துச் சிற்றூரில், நொச்சி தழைத்த ஒரு வீட்டின் பெண்ணாகத் தான் இருந்துவிட வேண்டும். களைத்து வரும் இருவரையும் விருந்தினராக வரவேற்று, சோறிட்டு, தங்க இடம் கொடுக்க வேண்டும். பெற்ற தாய், மகளுக்கு வழியில் எதிர்ப்படும் யாரோ ஒரு பெண்ணாக ஆசைப்படுகிறாள். தாய் என்ற உரிமையோடு நெருங்க முடியாத இடத்துக்கு, விருந்தோம்பும் பெண்ணாகவாவது போய்ச் சேரலாம் என்ற எண்ணம் எவ்வளவு பெரியது! வளர்ந்த பிள்ளைகளோடு பேச்சு நின்றுபோன எந்தப் பெற்றோரும் இந்தப் பாட்டை எளிதில் கடந்து போய்விட முடியாது.

மகள் போவது எளிதாகவும் நடப்பதில்லை. கயமனாரின் நற்றிணை 12-இல் விடியலுக்கு முன் வீட்டில் தயிர் கடையும் ஓசை கேட்கிறது. விளாம்பழ வாசம் வீசும் பானையில் மத்து சுழல்கிறது. அந்த இருட்டில் மகள் தன்னை மறைத்துக்கொண்டு, காலில் இருந்த சிலம்பைக் கழற்றுகிறாள். சத்தம் கேட்டுவிடுமே! வரிந்து புனைந்த தன் பந்தோடு அதையும் ஓரமாக வைக்கப் போகும்போது, இவற்றைப் பார்க்கும்போதெல்லாம் தோழியர் கூட்டம் வருந்துமே என்று கண் கலங்கிவிடுகிறாள். அவளை அந்த நிலையில் பார்த்த தோழிதான் தலைவனிடம் இதைச் சொல்கிறாள், இந்தப் பயணம் வேண்டாம் என்பதற்காக.

விட்டுச் சென்ற பொருள்களைத் தாய் பார்க்கிற பாடல்கள் தனி வகையாகவே இருக்கின்றன. ஐங்குறுநூறு 377-இல் பந்தும் பாவையும் கழங்கும். நற்றிணை 305-இல் பந்தும், நீர் வார்க்க ஆளில்லாமல் வாடிய வயலைக் கொடியும். நற்றிணை 184-இல் இருப்பது ஒரே ஒரு மகள். துயரத்தைத் தாங்கிக்கொள் என்கிறார்கள், அவள் விளையாடிய திண்ணையையும் நொச்சியையும் பார்த்துக்கொண்டு எப்படித் தாங்குவது என்கிறாள் தாய். அந்தப் பாட்டைப் பாடியவர் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

கோபமும் வாழ்த்தும் எவ்வளவு அருகருகே இருக்கும் என்பதை ஐங்குறுநூற்றுப் பாலைப் பகுதியில் பார்க்கலாம். ஓதலாந்தையார் அங்கே மகளைப் போகவிட்ட தாயின் இரக்கத்துக்கே ஒரு பத்துப் பாட்டை ஒதுக்கியிருக்கிறார். அதன் முதல் பாட்டில், இதுதான் அறத்தின் வழி என்று என் மகள் தெளிந்து போயிருக்கிறாள், அவள் போகும் பாலை வழியில் மழை பொழிந்து இனிதாகட்டும் என்கிறாள் தாய். இரண்டு பாட்டுத் தள்ளி, என் மகளை அழைத்துப்போனவனின் தாயும் என்னைப்போலவே நினைத்து நினைத்து அழட்டும் என்று சபிக்கிறாள். இரண்டும் உண்மை. ஒரே நாளில் ஒரே தாய்க்கு இரண்டும் தோன்றக்கூடியவைதான். ஒன்றை நீக்கி மற்றதை மட்டும் வைத்திருந்தால் பொய்யாகியிருக்கும்.

பிறகு தேடல். குறுந்தொகை 44-இல் செவிலியின் கால் ஓய்ந்துவிட்டது, வருவோரைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. வானத்து மீனைவிட அதிகமாக இந்த உலகத்தில் பிறர் இருக்கிறார்கள், அவள் மட்டும் இல்லை. பாடியவர் வெள்ளிவீதியார் என்ற பெண் கவிஞர். கலித்தொகையின் பாலைக்கலியில், சேர அரசரான பெருங்கடுங்கோ படைத்த செவிலி, எதிரே வரும் அந்தணர்களிடம் மகளைக் கண்டீர்களா என்று விசாரிக்கிறாள். கண்டோம் என்கிறார்கள். சந்தனம் மலையில் பிறந்தாலும் மலைக்குப் பயன் இல்லை, முத்து கடலில் பிறந்தாலும் கடலுக்குப் பயன் இல்லை, இசை யாழில் பிறந்தாலும் யாழுக்குப் பயன் இல்லை. உன் மகளும் அப்படித்தான், வருந்தாதே என்று தேற்றுகிறார்கள். மேடைப் பேச்சிலும் பட்டிமன்றத்திலும் இன்றுவரை பாராட்டப்படும் பதில் இது. ஆனால் பாட்டு அவர்களுடைய பேச்சோடு முடிந்துவிடுகிறது. தாய் தேறினாளா என்று கவிஞர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதே சரி. மகளைப் பயன் என்ற கணக்கில் வைத்துத் தேற்றும்போது, எந்தத் தாய் உடனே கண்ணைத் துடைத்துக்கொள்வாள்?

மகள் திரும்பி வரும் பாடல்களும் உண்டு. ஐங்குறுநூற்றின் மறுதரவுப் பத்து அவற்றுக்கானது. அதன் தொடக்கத்தில் தாய் காக்கையிடம் பேசுகிறாள்: என் மகள் அவனோடு வந்து சேரும்படி நீ கரைந்தால், உனக்கும் உன் சுற்றத்துக்கும் ஊன் கலந்த சோற்றைப் பொற்கலத்தில் தருகிறேன். மகளுக்குப் பாலூட்டும் பொற்கலம் இப்போது காக்கைக்கு! அதே பத்தின் 399-ஆம் பாட்டில் அவளுடைய கேள்வி மாப்பிள்ளையின் தாய்க்குப் போகிறது: சிலம்பு கழற்றும் சடங்கை உங்கள் வீட்டிலேயே நடத்திவிட்டீர்கள், சரி, திருமணத்தையாவது எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று அவளிடம் யாராவது சொன்னால் என்ன? இதில் ஒரு மன்றாட்டு இருக்கிறது. காவல் வைத்த தாய், இப்போது சம்பந்தி அம்மாளின் சம்மதத்துக்குக் காத்திருக்கிறாள்.

மகளின் குடும்பத்தைப் பார்த்துவிட்டு வந்த செவிலி நற்றாயிடம் சொல்லும் செய்திதான் கூடலூர் கிழாரின் குறுந்தொகை 167. கட்டித் தயிரைப் பிசைந்த விரலைச் சேலையிலேயே துடைத்துக்கொண்டு, அதை மாற்றக்கூட நேரமில்லாமல், தாளிப்புப் புகை கண்ணில் ஏற, தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பு. கணவன் ‘நன்றாக இருக்கிறது’ என்று சாப்பிட, அவள் முகத்தில் ஒரு சிறு மகிழ்ச்சி தெரிந்தும் தெரியாமலும் வந்து போகிறது. ஆறே அடி. பெற்றவளுக்கு வேறு என்ன தகவல் வேண்டும்? நகை என்ன, நிலம் என்ன என்று செவிலி எதையும் சொல்லவில்லை. மகள் சமைத்தாள், அவன் சாப்பிட்டான், அவள் முகம் மலர்ந்தது. இன்றைக்கு இந்தப் பாட்டைப் படிக்கும் பெண்களில் சிலர், அவன் ஏன் அடுப்பங்கரைப் பக்கம் வரவில்லை என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நற்றாயும் உள்ளுக்குள் அதைக் கேட்டிருக்கலாம்.

பக்தி காலத்திலும் இந்தத் தாய் தமிழை விட்டுப் போகவில்லை. பெரியாழ்வார் கண்ணனுக்குத் தாயாகப் பாடியது எல்லோரும் அறிந்தது. பெண்ணைப் பெற்ற தாயாகவும் அவர் பாடியிருக்கிறார். மகள் திருமாலோடு போய்விட்டாள், வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. தாயின் கவலையோ முழுக்க முழுக்கக் குடும்பக் கவலை: மாமியார் யசோதை என் பெண்ணைப் பார்த்து மகிழ்வாளா, உரிய சிறப்பைச் செய்வாளா? விடியலுக்கு முன் எழுந்து, தூக்கம் கெட்டுத் தயிர் கடைய அவளால் முடியுமா? மாப்பிள்ளை கடவுளே ஆனாலும் மகளின் கை நோகுமே என்றுதான் தாய்மனம் நினைக்கிறது.

நம்மாழ்வாரின் திருவாய்மொழியில், உரைகாரர்கள் தாய்ப் பாசுரம் என்றே பிரித்துச் சொல்லும் பதிகங்கள் இருக்கின்றன. ஏழாம் பத்தில் தாய் அரங்கனிடமே நேராகப் போய், இவள் விஷயத்தில் என்னதான் நினைத்திருக்கிறாய் என்கிறாள். ஆறாம் பத்தில் மகள் வீட்டைத் துறந்து திருக்கோளூருக்குப் போய்விட்டாள். அங்கேயும் பந்து வருகிறது, கிளி வருகிறது, சிறுமியின் விளையாட்டுச் சாமான் வருகிறது. அவை தந்த இன்பமெல்லாம் இப்போது அவளுக்குத் திருநாமத்தில் கிடைக்கிறது. அப்பரின் திருவாரூர்த் தாண்டகத்தில் அவன் பெயரையும் தன்மையையும் ஊரையும் கேட்ட பெண், தாயையும் தந்தையையும் அன்றே விட்டுவிடுகிறாள். சங்கப் பாடல்களில் மகள் காதலனோடு போகும் உடன்போக்குதான், போகும் இடம் மட்டும் கோயில்.

இவ்வளவு தூரம் வந்த பிறகு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெள்ளிவீதியார் போன்றவர்களை நீக்கிப் பார்த்தால், தாயாகப் பேசிய இந்தக் குரல்களில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. அவர்கள் அந்த மனத்துக்குள் எவ்வளவு ஆழமாகப் போனார்கள் என்பது வியப்புக்குரியது. ஆனாலும் மகள் தன் தாயைப் பற்றித் தானாகப் பேசியதைக் கேட்க, ஏட்டை விட்டு வெளியே வந்து கிராமத்து ஒப்பாரிக்குப் போகவேண்டும். அங்கே பேச்சு திசை மாறிவிடுகிறது. போனவள் தாய், அழுபவள் மகள். தாய் இல்லாத பிறந்த வீட்டில் இனித் தனக்கு யார் இலை போடுவார், அண்ணி வாசலில் நின்று வா என்பாளா என்ற பயம் பாட்டுக்குப் பாட்டு வருகிறது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீடு என்பது தாய் இருக்கும் வரைதான் என்ற உண்மையை எந்தப் புலவரையும்விடத் துல்லியமாக இந்தப் பெண்கள் பாடியிருக்கிறார்கள்.

இற்செறிப்புக்கு நேர் எதிரான தாயை 20-ஆம் நூற்றாண்டில் பாரதிதாசன் கொண்டுவந்தார். அவருடைய புகழ்பெற்ற பாட்டில், தாய் மகளுக்குத் தலை வாரி, பூ வைத்து, பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்கிறாள். அடம் பிடித்து நிற்பது மகள்தான். வாசலை அடைத்து நின்றவள் வாசலைத் திறந்துவிட்டு நிற்கிறாள். பல தலைமுறைச் சிறுமிகள் பள்ளியில் அதைப் பாடியிருக்கிறார்கள்.

வாசல் எல்லா வீட்டிலும் திறந்துவிடவில்லை. திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் பிறந்த கவிஞர் சல்மா, 13 வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்டவர். திருமணத்துக்குப் பின் புகுந்த வீட்டில் எழுதுவதற்கே தடை. கிடைத்த காகிதத் துண்டுகளில் ஒளித்து ஒளித்து எழுதினார். யார் எழுதுகிறார்கள் என்று தெரியாமலிருக்கப் புனைபெயர் வைத்துக்கொண்டார். அந்தக் கவிதைகளை அவருடைய தாயார் ரகசியமாக வெளியே சேர்ப்பித்தார். 2000-இல் அவை ‘ஒரு மாலையும் இன்னுமொரு மாலையும்’ என்ற தொகுப்பாயின. 2001-இல் சல்மா பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவரானார். மகள் படிப்பை நிறுத்தி வீட்டில் இருந்த காலத்தில் உடனிருந்த தாய்தான், பிறகு அவள் எழுத்தை யாரும் அறியாமல் வெளியே கொண்டுபோயிருக்கிறார். இந்தத் தாயைப் பாடக் கயமனார் இல்லாமல் போனாரே என்று தோன்றுகிறது.

மூலப் பாடல்களைப் படிக்க ஆசைப்படுபவர்கள் ஐங்குறுநூற்றில் 371 முதல் 380 வரையும், 391 முதல் 400 வரையும் எடுத்துக்கொள்ளலாம். 1903-இல் உ.வே.சாமிநாதையர் அச்சில் கொண்டுவந்த நூல். இன்று எளிய உரைகளோடு எங்கும் கிடைக்கிறது. எல்லாமே ஆறு அடிக்கு மேல் போகாத பாடல்கள். ஒரு மாலைப் பொழுது போதும். பதின்ம வயது மகள் இருக்கும் வீடாக இருந்தால், அதோடு அகநானூறு 203-ஐயும் சேர்த்து, தாயும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். அந்தப் பாட்டின் வீட்டில் முதலில் பேசியிருக்கவேண்டியவர் தாயா மகளா என்பதில் இருவரும் ஒத்துப்போகமாட்டார்கள்.